பெயர் வெட்டிய பாத்திரங்கள்

அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவில் அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வெட்டியவர் யார் என்பதற்கு அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதனாலோ என்னவோ, பித்தளையில் வெள்ளி பதித்துவிட்டுத் தன் பெயரையும் எழுதிவைத்த அந்தக் காலத்து முஸ்லிம் நாட்டுக் கைவினைஞர்கள் மேல் எனக்குத் தனி ஆசை.

1163இல், இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் ஒரு வணிகருக்காகச் செய்த வாளி, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வார்த்தவர் முகம்மது இப்னு அப்துல் வாஹித்; செம்பும் வெள்ளியும் பதித்தவர் மசூத் இப்னு அகமது. இரண்டு வேலை, இரண்டு பெயர்.

வேலையைச் சொன்னால் எளிது. உளியால் பள்ளம் வெட்டி, அதன் ஓரத்தை உள்பக்கமாகக் குடைய வேண்டும். மெல்லிய வெள்ளித் தகட்டை அதில் வைத்துத் தட்டினால், ஓரம் தகட்டைக் கவ்விக்கொள்ளும். பற்றவைப்பே கிடையாது. மிச்ச இடத்தில் கறுப்புப் பூச்சை அப்பினால் வெள்ளி பளிச்சென்று தெரியும். முகத்தில் கண், மூக்கு, உடையில் மடிப்பு எல்லாம் அதன்பின் வெள்ளிமேலேயே கீறுவது.

இந்த வேலையில் ஓங்கிய ஊர் இராக்கின் மோசூல். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு முழம்கூட உயரமில்லாத கெண்டி ஒன்று உண்டு. 1232இல் மோசூலில் ஷுஜா இப்னு மனா செய்தது என்று அதன் கழுத்திலேயே எழுதியிருக்கிறது. மோசூலில் செய்ததாகத் தானே சொல்லிக்கொள்ளும் பாத்திரம் இன்று இது ஒன்றுதான். மற்றவர்கள் ஊரைவிட்டுப் போனாலும் ஊர்ப்பெயரை விடவில்லை. 1258-59இல் டமாஸ்கஸில் கெண்டி செய்த ஹுசைன் இப்னு முகம்மதும் ‘அல்-மவ்சிலி’ என்றே எழுதினார். 1262இல் மங்கோலியர் மோசூலைச் சூறையாடிய பிறகும், கெய்ரோவில் அந்த ஒட்டுப்பெயர் தொடர்ந்தது.

பெயர் ஆசையில் எல்லாரையும் மிஞ்சியவர் முகம்மது இப்னு அல்-ஜெயின். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய பெரிய பாத்திரத்தில் ஆறு கையெழுத்துகள். ஒன்று வெளிப்படை, மற்றவை சித்திரத்துக்குள் வரும் ஆசனத்திலும் கோப்பையிலும் ஒளிந்திருக்கின்றன. 1606இல், பின்னாளில் பிரெஞ்சு அரசரான 13ஆம் லூயிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது இந்தப் பாத்திரத்தில்தான்.

கெய்ரோவில் இதற்கென்றே ஒரு கடைத்தெரு இருந்தது. பதிப்பு வேலைப் பாத்திரம் இல்லாத வீடே அரிது என்கிறார் 1442இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்-மக்ரீசி. மணப்பெண் சீரில், ஒன்றைவிட ஒன்று சிறியதாக ஏழு பாத்திரங்கள் போகுமாம். படித்ததும் அம்மாவின் அடுக்குதான் கண்ணில் நின்றது.

ஆனால் அவர் காலத்திலேயே அந்தத் தெரு வெறிச்சோடிவிட்டது. விற்பனைக்கு வரும் பழைய பாத்திரங்களை வாங்கி, பதித்த வெள்ளியைச் சுரண்டி எடுப்பதே சிலருக்குப் பிழைப்பாயிற்று என்றும் எழுதிவைத்திருக்கிறார். அருங்காட்சியகங்களில் இன்று பல பாத்திரங்களில் வெள்ளி போய் வெறும் பள்ளம்தான் மிச்சம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பித்தளை இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன், அதில் வெட்டியிருக்கும் பெயரை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.