வானத்து ஒளிகளும் மாந்தர் விளக்கங்களும்

பிள்ளையார்பட்டிச் சுற்றுப்புறத்துக் கண்மாய்க் கரைகளில் வாழ்ந்த முதியோருக்குக் கொள்ளிவாய்ப் பேய் புதிய செய்தியன்று. இரவில் நீரோரம் ஓர் ஒளி எழும், அசையும், அவியும். சேற்றில் மக்கும் தழைகளிலிருந்து எழும் வாயு தீப்பற்றுவதே அது என்பர் வேதியியலார். இன்று அதே ஊர்களில், வானில் விளக்குகள் சரம் கோத்தாற்போல் வரிசையாகச் செல்வதைக் கண்டு, 'பறக்கும் தட்டோ?' என நம்மிடம் வினவும் இளைஞர் உளர். 2019 மே மாதம் முதல் ஒரே ராக்கெட்டில் பல பத்துகளாக ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் துணைக்கோள்களே அவை. பாட்டன் பேய் என்றான். பேரன் தட்டு என்கிறான்.

தட்டு என்னும் பெயர் வந்த கதையே விந்தையானது. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ரெய்னியர் மலையருகே விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் அர்னால்டு ஒன்பது பொருள்கள் விரையக் கண்டார். நீரின்மேல் எறிந்த தட்டு தத்திச் செல்வதுபோல் அவை சென்றன என்று, செலவைத்தான் உவமித்தார். செய்தித்தாள்கள் அதை வடிவமாக்கிவிட்டன. அதன்பின் கண்டவரெல்லாம் தட்டையே கண்டனர்! அந்நாட்டு விமானப்படை 1969 வரை திரட்டிய 12,618 செய்திகளுள் 701 மட்டுமே விளக்கம் பெறாமல் நின்றன.

நம் பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் இவரினும் நுட்பமாகக் கண்டார். கூடலூர் கிழார் பங்குனி முற்பாதியில் நள்ளிரவில் ஒரு மீன் எரிந்து வீழக் கண்டு பாடியது புறநானூற்றின் 229ஆம் பாட்டு. அவ்வேளை உச்சியினின்று சாய்ந்த மீன் எது, எதிரே எழுந்தது எது, மறைந்தது எது, வீழ்ந்தது எத்திசை நோக்கிச் செல்லவில்லை என்பனவெல்லாம் அதிலுண்டு. ஆனால் அவர் கொண்ட பொருள் வேறு: சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வரும் என அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான். அச்சம் மெய்யாயிற்று என உலகம் நம்பியது.

சேரநாட்டின் இவ்வெண்ணமே ஹிஜாஸ் பாலையிலும் வழங்கியது. ஓரிரவு விண்மீன் எரிந்து வீழ்ந்தபோது, அறியாமைக் காலத்தில் இதுகுறித்து என்ன கூறிவந்தீர்கள் என அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவினார்கள். பெரியவர் ஒருவர் பிறந்தார் அல்லது இறந்தார் என்போம் என்றனர் தோழர்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் அது எறியப்படுவதில்லை என்று அண்ணலார் மறுத்ததை இமாம் முஸ்லிம் பதிந்துள்ளார்கள். ஒட்டுக்கேட்கும் ஜின்களைப் பற்றி அந்நபிமொழி மேலும் கூறுவது மறைவானவற்றைச் சார்ந்தது. அதனை அளவுகோல் கொண்டு அளப்பது நம் வேலையன்று. ஹிஜ்ரி 10இல் தம் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரியகிரகணம் நேர்ந்தது. அம்மறைவுக்காகவே கதிர் இருண்டது என மக்கள் கூறினர். தந்தையின் துயரம் நெஞ்சை அடைத்திருந்த அந்நேரத்திலும் அண்ணலார் அதை ஏற்கவில்லை.

இப்போதனைக்குப் பின்னும் நம்மவர் சோதிடத்தை முற்றும் விட்டாரில்லை. 1006இல் கெய்ரோவுக்கு அருகே ஃபுஸ்தாத்தில் இளைஞராயிருந்த அலீ இப்னு ரிள்வான் விருச்சிக ராசியில் ஒரு புதுமீன் கண்டார். வெள்ளிக்கோளினும் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிது என்றார். அன்று கோள்கள் நின்ற இடங்களையும் எழுதிவைத்தார். போரும் பஞ்சமும் அதன் விளைவு என்றும் எழுதினார். அவர் சொன்ன பலனை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. அவர் தந்த கணக்கோ, வெடித்த விண்மீனொன்றை ஆராய்ந்த இருபதாம் நூற்றாண்டு அறிஞர்க்குப் பயன்பட்டது.

இவையெல்லாம் பழங்கதை என ஒதுக்கிவிடலாகாது. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கின் பாங்காங் ஏரிக்கு மேலே 329 முறை ஒளிப்பொருள்களைக் கண்டதாக நம் படையினர் குறித்தனர். சீனரின் ஆளில்லா உளவு விமானங்கள் என ஐயுற்றனர். 155 முறை எல்லை கடந்ததாகவும் எண்ணினர். ஒன்று மாலை ஆறு மணியளவில் தோன்றி விடியுமுன் மறையும். மற்றொன்று வைகறை நான்கு மணிக்கு எழும். பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவன அறிஞர் ஆராய்ந்து, முன்னது வியாழன், பின்னது வெள்ளி என்றனர். அவ்வாண்டு ஏப்ரலில்தான் அதே லடாக்கின் தெப்சாங்கில் இரு நாட்டுப் படைகளும் ஏறக்குறைய மூன்று வாரம் எதிரெதிரே கூடாரமடித்து நின்றன.

2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியற் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாளே தமிழக முதலமைச்சர் விண்கல் வீழ்ந்தது என அறிவித்து, குடும்பத்துக்கு உதவித்தொகையும் வழங்க ஆணையிட்டார். படங்களைக் கண்ட அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, இது தரையில் நிகழ்ந்த வெடிப்புக்கே ஒத்துள்ளது என்றது. ஓட்டுநர் வீட்டாருக்குச் சில நாட்களுக்குள் இரு விடைகள் வந்து சேர்ந்தன.