மட்காட்டின் உட்புறம்

மொறிஸ் மைனரின் முன் மட்காட்டில் பெயின்ற் கொப்பளித்தால், அந்தக் கறள் வெளியிலிருந்து உள்ளே போனதல்ல, உள்ளேயிருந்து வெளியே வந்தது. கொப்பளம் கண்ணில் படுகிற நாளில் தகட்டின் கனத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். மேலே பட்டி தடவிப் பெயின்ற் அடித்தால் அடுத்த மாரி வரைக்கும் தாங்கும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் வாடகைக் கார் ஓடிய என் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய காருக்குத் தகட்டு வேலை பார்த்த ரிங்கர் அண்ணைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவே இன்னொரு மட்காட்டை வெட்டிப் பொருத்தினார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘உள் மட்காட்’ என்று பெயர். காரோடு வந்த கையேட்டில் அப்படி ஒரு பாகமே கிடையாது.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது அறிமுகமானது. முதலில் வந்த மைனர்களில் முன்விளக்குகள் கீழே, கிறிலின் இருபுறமும் பதிந்திருந்தன. அமெரிக்காவில் விற்பதென்றால் விளக்கு இன்னும் உயரத்தில் இருக்கவேண்டும் என்று அங்குள்ள சட்டம் கேட்டது. எனவே விளக்கைத் தூக்கி மட்காட்டின் நெற்றியில் வைத்தார்கள். 1950களின் தொடக்கம் முதல் எல்லா நாட்டுக்கும் போன மைனர்கள் அந்த முகத்தோடுதான் போயின. பார்க்க அழகுதான். ஆனால் விளக்கின் பின்கிண்ணம் இப்போது சக்கரத்துக்கு முன்னால், மட்காட்டின் குழிக்குள் துருத்திக்கொண்டு நின்றது. சக்கரம் எறிகிற சேறு அதன் முதுகில் போய்த் தங்கியது. மண் தங்கும் மற்ற இடம் கதவுக்கு முன்னால், மட்காட்டின் பின்விளிம்பு உடலோடு போல்ற் பூட்டிச் சேரும் ஒடுங்கிய மூலை. அங்கே போன மண் தானாக வெளியே வராது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடித்தாலும் பாதிதான் இறங்கும்.

தங்கிய மண் என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் இந்தக் கைவேலையின் அருமை புரியும். இரும்பு கறளாக ஈரமும் காற்றும் வேண்டும். மழையில் நனைந்து வெயிலில் காயும் தகடு நெடுநாள் நிற்கும். மண் அப்பிய தகடு காயாது. அதிலும் மண்ணுக்கு அடியில் காற்றுக் குறைந்த இடமும் ஓரத்தில் காற்றுப் படும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், காற்றுக் குறைந்த இடத்து இரும்புதான் கரைந்துபோகும். உப்புச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி இரும்பு கரையும்போது ஓடுகிற மின்னோட்டத்தை உப்புத் தண்ணீர் எளிதாகக் கடத்தும். மழை ஓய்ந்த பிறகும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கோடையில் தொட்டுப் பார்த்தாலும் அந்த மூலை மண் ஈரமாகத்தான் இருக்கும்.

பிரித்தானியாவில் இந்த உப்பு வீதியிலிருந்து வந்தது. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் உப்புப் போடுவார்கள். 1960இல் அங்கே பழைய வாகனங்களுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. தொடக்கத்தில் பத்து வயது கடந்த வாகனங்களுக்கு மட்டும் இருந்த அந்தச் சோதனை 1967இல் மூன்று வயதுக்கே இறங்கியது. கறள் தின்ற கார்கள் கழிவு வளவுக்குப் போயின. அங்கேயும் பழைய கார் வைத்திருப்போர் பிளாஸ்ரிக் தகட்டையும் ரப்பரையும் வெட்டித் தாங்களே உள்காப்புச் செய்துகொண்டார்கள். தயாரிப்பாளர்கள் முற்றாக யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எம்.ஜி.பி. காரின் முன் மட்காட்டுக்குள் சேற்றைத் தடுக்க ஒரு தகடும் அதைச் சுற்றி ரப்பரும் வைத்தார்கள். ஆனால் அந்த ரப்பர் உக்கியதும் தகட்டுக்குப் பின்னால் மண் நுழைந்து சிறைப்பட்டது, கறள் அங்கிருந்தே தொடங்கியது. அரைகுறையாக மூடிய இடம் திறந்த இடத்தைவிட மோசம். இதை எங்கள் ரிங்கர் அண்ணை எம்.ஜி.பி. பார்க்காமலே அறிந்திருந்தார்.

எங்கள் நாட்டில், இலங்கையில், பழைய காரைக் காப்பாற்றியதன் காரணம் வேறு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்குப் பிறகு இன்னும் இறுக்கம். 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, கையிலிருந்த காரை விட்டால் வேறு கார் இல்லை என்பதுதான் பெரும்பாலான வாடகைக் கார்க்காரரின் நிலை. அப்பாவின் கார் 803 சிசி எஞ்சின் கொண்டது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இலக்கத் தகட்டில் ஏறி, அதை எதிர்த்து வடக்கில் போராட்டம் நடப்பதற்கு முந்திய பதிவு. அந்தத் தகட்டைப் பார்த்தே காரின் வயதைச் சொல்லிவிடுவார்கள். ‘இவ்வளவு பழசா?’ என்று கேட்டவர்களிடம் அப்பா குனிந்து மட்காட்டின் உட்புறத்தைக் காட்டுவார்.

வேலணையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் போக ஒரே வீதி, பண்ணைப் பாலம். பாலம் என்கிறோமே தவிரக் கடல்நீரேரிக்குக் குறுக்கே போட்ட நீண்ட தெருத்தான் அது. சோளகக் காற்று தூக்கும் காலத்தில் நீர்த்துமி தெருவுக்குக் குறுக்கே வீசும். மாரியில் இருபுறமும் தண்ணீர் விளிம்பை முட்டி நிற்கும். பள்ளமான இடங்களில் தெருவிலேயே உப்புத் தண்ணீர். தீவுப் பக்கத்தில் தரவை மண், பட்டினத்தைத் தாண்டி வலிகாமத்துக்கு ஆள் ஏற்றினால் செம்மண். உப்பில் நனைந்த மட்காட்டுக்குள் செம்மண் போய் ஒட்டினால், நான் மேலே சொன்ன இரசாயனத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஓட்டத்தில் சேர்ந்துவிடும்.

அப்பாவின் முதல் உள் மட்காட் லொறி ரியூப்பில் செய்தது. ரியூப் மெல்லியது, வேகத்தில் துடித்து ரயரில் உரசியது. அடுத்தது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை கழித்துவிட்ட பெல்ற் துண்டு. நல்ல தடித்த ரப்பர், வளைத்தால் வளைந்து நிற்கும், கல் பட்டாலும் கிழியாது. ஆனால் அதன் நடுவே துணி மடிப்புகள் இருக்கும். வெட்டிய விளிம்பில் துணி தெரிந்தால், அது விளக்குத் திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் வைத்திருக்கும். ரிங்கர் அண்ணை விளிம்பு முழுவதும் ரியூப் ஒட்டும் சொலூஷன் தடவிக் காயவிட்டுத்தான் பொருத்தினார். கடையில் நின்ற பொடியன்மார் அவசரப்பட்டால், “தம்பி, ஓரத்தை முடி. ஓரம்தான்ரா சாமான்” என்பார்.

அவர் வேலை செய்த முறை எனக்கு இன்றும் மனப்பாடம். முதலில் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கிற மண்ணைச் சுரண்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு முழுநாள் வெயிலில் விடுவார். கறளுக்கு மேலே எதையும் பூச விடமாட்டார். பிறகு பழைய கடதாசி மட்டையில் வடிவம் வெட்டுவார். மட்டையை உள்ளே வைத்துப் பார்ப்பதும், எடுத்து ஒரு விரல் அகலம் குறைப்பதும், மறுபடி வைப்பதுமாக நேரம் போகும். ரயரின் தோளில் சோக்கைத் தடவி, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புவார். இரண்டு பேர் மட்காட்டில் ஏறி அமுக்க வேண்டும். மட்டையில் சோக்குப் பட்ட இடமெல்லாம் வெட்டப்படும். பிறேக் ஹோஸ் பக்கம் எதுவும் போகக்கூடாது என்பதில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பூட்டுவதற்குப் புதுத் துளை இல்லை. தகட்டில் போடுகிற ஒவ்வொரு துளையும் கறளுக்குத் திறந்துவிடுகிற கதவு என்பதால், மட்காட்டை உடலோடு பிடிக்கிற பழைய போல்ற்றுகளையே பயன்படுத்துவார். கீழ்விளிம்பு ஒருபோதும் உடலோடு ஒட்டாது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி விடுவார், உள்ளே போகிற தண்ணீர் வெளியே வரவேண்டுமே. மாரிக்கு முன்னும் பின்னும் கழற்றிக் கழுவுவது உடைமைக்காரனின் வேலை. கழுவமாட்டாய் என்றால் பூட்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

வேறு பொருட்களும் ஓடிப் பார்த்தன. சிலர் காரின் அடிப்பக்கம் முழுக்கத் தார் பூசினார்கள். புதிதில் நன்றாக இருக்கும். தார் இறுகி வெடித்ததும் வெடிப்பு வழியே போன தண்ணீர் தாருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். சிலர் அலுமினியத் தகட்டைப் போட்டார்கள். 1948இல் உருக்குத் தட்டுப்பாட்டால் லான்ட் றோவருக்கு அலுமினிய உடல் கொடுத்தார்கள் அல்லவா, அந்த வண்டியிலேயே அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் அலுமினியம் வெள்ளை மாவாகக் கொட்டுவதைக் காணலாம். உப்புத் தண்ணீர் இரண்டையும் நனைத்தால் அப்படித்தான் நடக்கும். பண்ணைப் பாலத்தில் ஓடுகிற காருக்கு அது சரிவராது.

1990இல் போர் மீண்டும் மூண்டது. நாங்கள் தீவைவிட்டுப் பட்டினத்துக்கு வந்தோம். வடக்குக்கு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் போயிற்று. கார்புரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த மைனரும் ஒஸ்ரினும் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடின, புதிய கார்களுக்கு அது முடியவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்க வைக்கும். எஞ்சினுக்கு உதவாமல் போன அந்த நீர்த்த ஒயிலை அப்பா போத்தலில் சேர்த்து, உள் மட்காட்டைக் கழற்றி, தகடுகள் சேரும் பொருத்துகளில் கோழியிறகால் தடவினார். நீர்த்த ஒயில் பொருத்துக்குள் நன்றாக ஊறிப்போகும். கார் ஓடாமல் நின்ற மாதங்களில் அந்தத் தகடுகளைக் காத்தது அதுதான்.

தடைக்காலத்து மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓடவைத்த திறமையைப் பலரும் சொல்லிவிட்டார்கள், அது சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் ஓடுவதற்கு ஓர் உடலும் இருந்தது. அதை மிச்சம் வைத்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நாட்டின் தெற்கிலும் இதே கைத்திறன் இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கையின் தென்பகுதியில் மைனர் உதிரிப்பாகங்களையும் தகடுகளையும் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார். மைனர் பிறந்த நாட்டுக்கு நமது கைகள் தகடு தட்டிக் கொடுத்தன.

போரால் மூடிக்கிடந்த கண்டி வீதி 2002இல் திறந்த பிறகு நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய் வந்து குவிந்தது. உள் மட்காட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பொருளை நான் கண்டதில்லை. பீப்பாயின் வளைவே ஏறக்குறைய சக்கரக் குழியின் வளைவு. தண்ணீர் ஊறாது, இரும்போடு சண்டை பிடிக்காது, மண் ஒட்டினாலும் ஒரு வாளித் தண்ணீரில் வழுகி விழும். ஹக்ஸோவால் நெட்டாக வெட்டி, கொதிநீர் ஊற்றி விளிம்பை மடக்கி, பிளந்த ரப்பர்க் குழாயை ஓரமாகச் செருகினால் போதும்.

இப்போது யாழ்ப்பாணத்தில் மைனர்கள் கலியாண ஊர்வலத்துக்கு ஓடுகின்றன. இளைஞர்கள் ஆசையோடு வாங்கிப் புதுப்பிக்கிறார்கள், சந்தோசம். ஆனால் பலர் முதலில் செய்வது, ‘ஒறிஜினல் இல்லை’ என்று உள் மட்காட்டைக் கழற்றிக் குப்பையில் போடுவது. அந்தக் கார் இன்று வாங்கக் கிடைத்ததற்கே காரணம் அந்தத் துண்டு. கழற்றினால் எறியமுன் ஒரு கடதாசியில் வைத்து விளிம்பை வரைந்துகொள்ளுங்கள். எந்தப் போல்ற்றில் தொங்கியது, கீழே எவ்வளவு இடைவெளி, எந்த இடத்தில் ரயர் உரசிய தடம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ரிங்கர் அண்ணை வெட்டிய மட்டைகள் இரண்டு, இடதும் வலதும், என்னிடம் இருக்கின்றன. கேட்பவர்களுக்குப் பிரதி வரைந்து கொடுக்கிறேன். அவை முன் மட்காட்டுக்கு மட்டும். பின் மட்காட்டின் மட்டை எங்கள் வீட்டில் மிஞ்சவில்லை, வைத்திருப்பவர்கள் எனக்கு ஒரு பிரதி தந்தால் தொகுதி முழுமையாகும்.