கொதிகலன் ஏறிய சோப்பு

ஒரு துளி சோப்பு அழுக்கைப் போக்கும் என்பது யாருக்கும் தெரிந்ததே. தண்ணீர் கொதிக்கும் விதத்தையே அது மாற்றிவிடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அந்தக் கதை ஒரு சமையலறையில் தொடங்குகிறது.

1880களில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கல்ஸ் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். விளிம்புவரை நீர் நிரம்பிய ஒரு தகரத் தொட்டி, குறுக்கே நகரும் தகரப் பட்டை, தராசில் தொங்கும் பொத்தான்: அவ்வளவுதான் ஆய்வுக்கூடம். நீர்ப்பரப்பிலிருந்து பொத்தானைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று, அதாவது நீரின் பரப்பு இழுவிசையை, அளந்தார். பரப்பில் அழுக்கு படிந்த நீர் சுலபமாகப் பிடியைத் தளர்த்தியது. 1891இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதினார். அவர் சிபாரிசில் கடிதம் ‘நேச்சர்’ இதழில் அச்சேறியது.

பிறகு முதல் உலகப்போர். ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு, சோப்பு காய்ச்ச வழியில்லை. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் ‘நெக்கல்’ என்ற செயற்கைச் சலவைச் சரக்கை இறக்கியது. சுமார்தான், ஆனால் அதன் வழியில் பின்னால் வந்தவை தேறின. 1930களில் அமெரிக்காவில் சலவைத்தூளாகவும் ஷாம்பூவாகவும் கடைக்கு வந்தன.

அதே சமயம் ஜப்பானின் செண்டாயில் ஷிரோ நுகியாமா நீருக்குள் கம்பியை மின்சாரத்தால் சூடேற்றிக்கொண்டிருந்தார். நிக்ரோம் கம்பி உருகிப்போக, பிளாட்டினத்துக்கு மாறினார். கம்பியின் சூட்டுக்கேற்ப நீருக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று காட்டும் அவருடைய கொதித்தல் வரைகோடு 1934இல் வெளியானது, ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் வர 1966 ஆனது!

சோப்பும் கொதிநீரும் முறையாகச் சந்தித்தது 1949இல். மார்கன், புரோம்லி, வில்க் ஆகிய மூவரும் சலவைப்பொருள் கலந்த நீரைக் கொதிக்கவைத்தார்கள். சூடான பரப்புக்கும் நீருக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் குறைவாக இருக்கும்போதே அதே அளவு வெப்பம் நீருக்குப் போனது. பரப்பு இழுவிசை தளர்வதால் குமிழி சிறியதாகவே கழன்று மேலேறுகிறது. ஒன்றோடொன்று சேர்ந்து பெருப்பதும் குறைவு. ஆனால் குமிழியின் ஆயுள் மில்லி நொடிக் கணக்கு. அதற்குள் சோப்பு மூலக்கூறு குமிழிப் பரப்பை எட்டியாக வேண்டும். பருத்த மூலக்கூறு பிந்திவிடும். அள்ளிப் போட்டாலும் பயனில்லை. மூலக்கூறுகள் தமக்குள் கூட்டு சேர்ந்து உருண்டுகொள்ளும், பலன் இறங்கும்.

இதில் வேடிக்கை, நீராவி ரயில் காலத்தில் கொதிகலனில் நுரை என்றாலே எதிரி. நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் புகுந்து இயந்திரத்தைக் கெடுத்துவிடும். அந்தப் பயம் இன்றும் நியாயமே. 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் குமிழிகளைக் கட்டுப்படுத்தவே ஒரு வழி பார்த்தார்கள்: மின்னூட்டமுள்ள சோப்பு மூலக்கூறுகளைச் சிறிய மின்னழுத்தத்தால் சூடான உலோகப் பரப்புக்கு இழுத்தும் விரட்டியும், குமிழிகளை வேண்டும்போது கிளப்பி, வேண்டாதபோது அடக்கிக் காட்டினார்கள்.