மக்காச்சோளம் அளந்து தந்த கடன் பத்திரம்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆயுதமேந்திய 1775-ஆம் ஆண்டில், வரி விதிக்கும் அதிகாரமற்ற காங்கிரஸ் மகாசபை, யுத்தச் செலவுக்குக் காகித நாணயத்தை அச்சிட்டே காலந்தள்ள நேர்ந்தது. அச்சு ஓட ஓட அதன் மதிப்பு தேய்ந்து, 1780 மார்ச்சில், நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர்தான் ஈடு என்று அம்மகாசபையே ஒப்புக்கொண்டது.

இதனால் பெரிதும் துன்புற்றவன் சிப்பாய். பனியிலும் பசியிலும் நின்று அவன் ஈட்டிய சம்பளம் கையில் இருக்கும்போதே கரைந்தது. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் 1780-இல் தன் வீரர்களுக்கு வழங்கிய பத்திரத்தை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. 5 புஷல் மக்காச்சோளம், 68 4/7 ராத்தல் மாட்டிறைச்சி, 10 ராத்தல் ஆட்டு ரோமம், 16 ராத்தல் செருப்பு அடித்தோல் ஆகிய நான்கின் மொத்த விலை 130 பவுன் எனக் கொண்டு, தவணை நாளில் அவ்விலை எவ்வளவு ஏறியிருக்கிறதோ அல்லது இறங்கியிருக்கிறதோ, அதே விகிதத்தில் அசலும் வட்டியும் கூடவோ குறையவோ வேண்டுமென்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஏழில் நான்கு ராத்தலைக்கூட விடாமல் கணக்கிட்ட குமாஸ்தாவின் சிரத்தையில், ஒரு குடும்பம் உண்பதையும் உடுப்பதையும் அளவுகோலாக்கிய மனிதாபிமானம் தெரிகிறது.

யுத்தம் ஓய்ந்து விலைவாசி அடங்கியதும் இவ்வழக்கம் மறைந்தது. விலைவாசியோடு பிணைந்த பத்திரத்தை அமெரிக்க மத்திய சர்க்கார் வெளியிட்டது 1997-இல்தான்.