'இந்த இடம் நமக்குச் சரிப்படுமா?' - அந்தச் சந்தேகம் மதிப்பெண்ணைக் குறைக்குமா?

விரிவுரை முடிகிறது. வகுப்பில் சிலர் சேர்ந்து சாப்பிடக் கிளம்புகிறார்கள். உங்களை யாரும் கூப்பிடவில்லை.

"சரி, மறந்திருப்பாங்க" என்று விட்டுவிடுவீர்களா? இல்லை, "நம்மள இவங்க சேர்த்துக்க மாட்டாங்க போல" என்று நினைப்பீர்களா?

உங்களைப் போன்றவர்கள் நிறைந்த வகுப்பில் முதல் பதில் சுலபமாக வரும். உங்கள் இனத்திலிருந்து நீங்கள் ஒருவர்தான் என்றால், இரண்டாவது எண்ணமும் எட்டிப்பார்க்கும்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களிடையே இது நிறையவே ஆராயப்பட்டுள்ளது. தன்னம்பிக்கை இல்லாததால் வரும் சந்தேகம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவராக ஜேம்ஸ் மெரிடித் சேர்ந்தது 1962இல்தான். அவரைப் பாதுகாக்கக் கூட்டரசு அதிகாரிகள் உடன் செல்ல வேண்டியிருந்தது.

சிங்கப்பூரின் வரலாறு வேறு. அந்த ஆய்வு முடிவுகளை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும், புராஜெக்ட் குழுவில் பேச்சு திடீரென மாண்டரினுக்கு மாறும்போது கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்த உணர்வைப் புதிதாக விளக்கவேண்டியதில்லை.

<b>படிப்பை எப்படிப் பாதிக்கிறது?</b>

ஒரு கட்டுரைக்குக் குறைந்த மதிப்பெண் கிடைக்கிறது. ஏற்கனவே சந்தேகத்தில் இருப்பவருக்கு அதுவே அத்தாட்சி. "பார்த்தியா, அப்பவே தெரியும்!" பேராசிரியரிடம் கேட்கத் தயக்கம். சேர்ந்து படிக்கக் கூப்பிட்டால் ஏதாவது ஒரு சாக்கு. கேட்காததால் பாடம் புரிவதில்லை. அடுத்த மதிப்பெண்ணும் குறைகிறது.

<b>ஒரு மணிநேரம் போதுமா?</b>

உளவியலாளர்கள் கிரெகரி வால்ட்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதலாமாண்டு மாணவர்கள் 92 பேர் அதில் பங்கேற்றனர்.

அவர்களில் ஒரு பகுதியினருக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்கள் தரப்பட்டன. 'ஆரம்பத்தில் எல்லா இனத்தவருக்கும் இந்தத் தவிப்பு இருக்கும், போகப்போகக் குறையும்' என்பதே அவற்றின் சாரம். படித்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதி, அடுத்து வரும் மாணவர்களுக்காக அதைக் காணொளியில் பேசினர். சுமார் ஒரு மணிநேர வேலை.

அடுத்த 3 ஆண்டில் அந்தக் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளையின மாணவர்களுடன் இருந்த இடைவெளி ஏறக்குறையப் பாதியானது.

அவர்களுக்குக் கஷ்டமான நாள்கள் வராமல் போகவில்லை. ஒரு கஷ்டமான நாள் வந்தால் "நான் இங்கே இருக்க வேண்டியவன்தானா?" என்ற கேள்வியும் கூடவே வருவதுதான் நின்றது. பட்டப்படிப்பு முடியும்போது கேட்டால், பெரும்பாலோருக்கு அந்த ஒரு மணிநேரத்தில் என்ன சொன்னார்கள் என்பதே சரியாக நினைவில்லை!

<b>அப்படியென்றால் மனத்தை மாற்றிக்கொண்டால் போதுமா?</b>

போதாது. இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் மாணவர் தலையில்தான் விழும்.

92 பேர் சின்ன எண்ணிக்கை. அதனால் பின்னர் 22 கல்வி நிலையங்களில், ஏறக்குறைய 27,000 மாணவர்களிடம் இணையம்வழி இதைச் சோதித்தனர். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. முதலாமாண்டை முழுநேர மாணவராக முடித்தோரின் விகிதம் கூடியது. ஆனால், எல்லா இடத்திலும் அல்ல. அந்தந்தப் பிரிவு மாணவர்கள் ஒன்றிப்போக உண்மையிலேயே வாய்ப்புள்ள கல்வி நிலையங்களில்தான் பலன் தெரிந்தது. கதவைச் சாத்திவைத்துக்கொண்டு "உள்ளே வரலாம், கவலைப்படாதே" என்றால் எப்படி?

எந்த மாதிரி வாய்ப்பு என்பதற்கு முதல் ஆய்வின் தொடர்ச்சியில் ஒரு துப்பு இருக்கிறது. அதில் பங்கேற்றவர்களை 7 முதல் 11 ஆண்டு கழித்து மீண்டும் விசாரித்தனர். அந்த ஒரு மணிநேரப் பயிற்சியைப் பெற்ற கறுப்பினப் பட்டதாரிகள், பெறாதவர்களைவிட வேலையிலும் வாழ்க்கையிலும் கூடுதல் மனநிறைவோடு இருந்தனர். படிக்கும் காலத்தில் தங்களுக்கு வழிகாட்டும் ஒருவரைத் தேடிக்கொண்டதே அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.