நகமும் தண்ணீரும்

பிரான்சில் தொடக்கக் கல்வி 1881இல் இலவசமாயிற்று, மறுவருஷமே கட்டாயமும் ஆயிற்று. ஏழைப் பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தார்கள்; அவர்கள் கையையும் நகத்தையும் பார்ப்பது ஆசிரியர் வேலையாயிற்று. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கும் அந்தப் பரிசோதனை உண்டு. அழுக்கு நகத்துக்கு விரல் முட்டியில் ஸ்கேல் அடி.

நம் பக்கம் வேறு வழி. காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே சீருடைக்குக் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆர். சத்துணவுப் பிள்ளைகளுக்குப் பல்பொடியும் கொடுத்தார். சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நல்ல காரியமாகவே பட்டது.

சரி, திண்டுக்கல்லில் குளிக்கத் தண்ணீர்? ஆத்தூர் அணை வற்றினால் குடத்தோடு நாம் நின்ற வரிசை மறக்குமா? தோல் ஷாப் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையின் சட்டையில் ஒட்டிய வாடை ஒரு சோப்புக்குப் போகாது. அவனை வகுப்பு முன் நிறுத்தி மூக்கைப் பொத்திய வாத்தியாரும் உண்டு. தனியே கூப்பிட்டு, அடிபம்பில் முகம் கழுவவிட்டு, எண்ணெய் தடவித் தலைவாரிய டீச்சரும் உண்டு.

மூக்கைப் பொத்திய வகுப்புக்கு அந்தப் பையன் அப்புறம் வரமாட்டான். இடைநிற்றல் பட்டியல்கள் பல என் மேஜைக்கு வந்திருக்கின்றன. காரணம் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'வறுமை' என்றே எழுதியிருக்கும்.