நாகையில் ஏறினால் ஒரு வாரம், திருச்சியில் ஏறினால் நான்கு மணி நேரம்

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை அனுப்பிய விமான டிக்கெட்டைப் பார்த்து நீங்களும் குழம்பியிருக்கலாம். இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தால், போகும்போது ஆறரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம் என்று வரும். உண்மையில் இரண்டுக்கும் சுமார் நான்கு மணி நேரம்தான். திருச்சியிலிருந்து தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1981 வரை அது இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல் அவர்கள் அரை மணி கூட்டிக்கொண்டார்கள்.

நம் தாத்தாக்கள் சிங்கப்பூர் போக, திருச்சிப் பக்கமே போகவேண்டியதில்லை. இங்கிருந்து 24 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். நாகை, திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி ரயில் பாதை 1860களிலேயே வந்துவிட்டது. ரயிலில் போய் இறங்கினால் கப்பல்.

அந்தக் கப்பல்களில் பெயர்பெற்றது 1926இல் கட்டிய ரஜூலா. சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு, இன்று கிள்ளான் என்று சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏறவேண்டும். பெரும்பாலோர் வாங்கியது டெக் டிக்கெட். மேல்தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கவேண்டியதுதான். சிங்கப்பூர் சேர ஒரு வாரம்.

இதற்கும் முன்னால் பாய்மரக் காலம். 1025இல் ராஜேந்திர சோழன் படை போன கடாரம், பினாங்குக்குச் சற்று வடக்கே உள்ள இன்றைய கெடா. அப்போதெல்லாம் போக ஒரு பருவக்காற்று, திரும்ப இன்னொரு பருவக்காற்று. மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

1970களில் ரஜூலா போய், எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தப் பயணிகள் கப்பலும் நின்றது.

இந்தக் கணக்கு எங்கே உறைக்கிறது தெரியுமா? சாவு வீட்டில். அன்று அப்பா இறந்தால் மலாயாவில் இருந்த மகனுக்குத் தந்தி போகும். அன்றே கப்பல் கிடைத்தாலும் அவர் கருமாதிக்குத்தான் வரமுடியும்; கப்பலோ தினமும் கிடையாது. அதனால் யாரும் காத்திருக்கவில்லை. பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். இன்று ராத்திரி போன் செய்தால் மறுநாள் பிள்ளை வாசலில் நிற்கிறார். ஐஸ் பெட்டி வைத்து நாமும் காத்திருக்கிறோம். கடலை நான்கு மணி நேரத்தில் தாண்டியவருக்கு, திருச்சி விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

நம் குடியிருப்பில் ரஜூலாவிலோ சிதம்பரத்திலோ போனவர்கள் இருந்தால், அல்லது அப்பா, தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் பரணில் கிடந்தால், சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம். அவர்கள் சொல்லாமல் போனால் அந்த ஒரு வாரம் எப்படிக் கழிந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் இருக்காது.